புதன்கிழமைப் புதினம்

எங்கள் பக்கத்தில் ஒருவரையொருவர் வழியில் கண்டால் "நலமா" என்று கேட்பதில்லை. "என்ன புதினம்?" என்றுதான் கேட்பது. படித்தவர்கள் புதினம் என்றால் கதைப் புத்தகம் என்கிறார்கள். எங்களுக்கு அது செய்தி. யார் வீட்டில் விசேஷம், யாருடைய தென்னையை யானை சாய்த்தது, எந்த பஸ் எந்த வளைவில் நின்றுபோனது, எல்லாம் புதினம்தான். கேட்கிறவர் பதிலுக்காகக் காத்து நிற்பதும் இல்லை. "ஒண்டுமில்லை, நீங்கள் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விடலாம்.

அந்தக் கேள்விக்கு நான் நான்கு வருடம் தவறாமல் பதில் சொன்னேன். ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போகும் எங்கள் காட்டோர ஊரில், என்னுடைய சனத்தைப் பற்றி, ஒவ்வொரு புதன்கிழமையும், ஒரு புலனாய்வுக்காரனுக்குச் சொன்னேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. அந்த நான்கு வருடத்தில் ஊரில் ஒரே ஒரு பெண்தான் என்னைப் பார்த்து "என்ன புதினம்?" என்று கேட்பதை நிறுத்தாமல் இருந்தார். கடைசியில் நான் காட்டிக்கொடுத்தது அவரைத்தான். அறிந்து செய்யவில்லை. அறியாமல் செய்ததால் பாவம் குறையும் என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

எங்கள் அப்பா மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கலவரத்தில் அடிவாங்கி, உடுத்த துணியோடு வன்னிக்கு ஓடி வந்து, காடு வெட்டிக் குடியேறினவர். குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் எடுத்தவர்கள் எங்கள் ஊரில் பாதிப்பேர். அவர்களுடைய வயலில் நாங்கள் கூலிக்கு நாற்று நட்டோம். எங்களைத் "தோட்டக்காட்டார்" என்று சொல்வார்கள். வாசலில் தேத்தண்ணீர் தருவார்கள், அதற்கென்று ஒரு தகரப் பேணியைத் தனியாக வைத்திருப்பார்கள். பக்கத்து வளவில் இருந்த ஓர் அக்காவின் வீட்டில் மட்டும் அந்தத் தனிப் பேணி இல்லை. அவருடைய ஆட்களும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள்தான். அக்கா அந்தக் காலத்தில் தையல்காரி. ஊரில் பாதிப் பிள்ளைகளின் பள்ளிச் சட்டை அவர் கையால் தைத்ததுதான். அவருடைய ஒரே மகன் பள்ளிக்கூடத்தில் எனக்கு மூன்று வகுப்புக் கீழே படித்தான். எங்கே விழுந்து புரண்டாலும் அவனுடைய கொலர் மட்டும் விறைப்பாக நிற்கும். தாய் அதற்கு இரட்டைத் தையல் போடுவார் என்று பெருமையடிப்பான்.

போர் முடிய ஐந்து மாதம் இருக்கும்போது இயக்கம் என்னை வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போனது. வீட்டுக்கு ஒருவர் என்றார்கள். எங்கள் வீட்டில் நான்தான் அந்த ஒருவர். பின்னலை வெட்டினார்கள், ஒரு கிழமை ஓடப் பழக்கினார்கள், பிறகு சாப்பாட்டுப் பார்சலும் காயக்காரரும் சுமக்க விட்டார்கள். நான் ஒரு வெடிகூட வைக்கவில்லை. இதைச் சொன்னால் ஒரு பக்கம் நம்புவதில்லை, மறுபக்கம் வெட்கப்படுகிறது. போர் முடிந்த அன்று கையை உயர்த்திக்கொண்டு ஆமியிடம் போனேன். அப்பாவும் அம்மாவும் அந்தச் சன நெரிசலில் எங்கோ போனவர்கள் போனவர்கள்தான்.

அதன் பிறகு இரண்டு வருடம் தடுப்பு. எங்களைப் போன்றவர்களை அடைத்து வைத்த முகாமுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். யார் எங்கே இருந்தார் என்று கேட்டால் "தடுப்பிலை" என்போம், கேட்டவருக்கு விளங்கிவிடும். நீண்ட மண்டபம் ஒன்றில் பாய் பாயாக நாங்கள் படுத்திருந்தோம். ஒவ்வொருத்தியாக ஓர் அறைக்குக் கூப்பிடுவார்கள். அங்கே மின்விசிறி இருக்கும். அந்தக் காற்றுக்காகவே கொஞ்சம் கூட நேரம் இருக்கலாம் போலிருக்கும். "உன்ர பக்கத்துப் பாயிலை படுக்கிறவள் என்ன கதைக்கிறாள்?" என்று கேட்பார்கள். பக்கத்துப் பாய்க்காரியைக் கூப்பிட்டு என்னைப் பற்றிக் கேட்பார்கள். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆகவே நாங்கள் பேன், பசி, மழை மூன்றைப் பற்றி மட்டும் கதைத்தோம். இந்த மூன்றுக்கும் யாரும் வழக்குப் போட முடியாது. அந்த மண்டபத்தில் எல்லாரும் கைதிகள், எல்லாரும் உளவாளிகள்.

விடுகிற அன்று எனக்குத் தெரியாத மொழியில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். "வீட்டை போ. நல்லா இரு. எங்கட ஆள் வந்து புதினம் கேட்பார், சொல்லோணும்," என்றார் அங்கிருந்தவர். எங்கள் சொல்லை எங்களிடமே படித்து, எங்களுக்கே திருப்பித் தந்தார்கள்.

நான் ஊருக்கு வந்து, கல்யாணம் கட்டி, ஒரு பெண் பிள்ளையையும் பெற்றேன். கணவர் மேசன் வேலை. கிளிநொச்சியில் தங்கி நின்று சனிக்கிழமைதான் வருவார். அந்த ஆள் புதன்கிழமை வருவான். இலக்கத் தகடு இல்லாத மோட்டார் சைக்கிள். வீட்டுக்குள் வர மாட்டான். வேப்ப மரத்தடியில் பிளாஸ்டிக் கதிரையைப் போடச் சொல்லி, தேத்தண்ணீர் குடித்து, சின்னக் கொப்பி ஒன்றைத் திறப்பான். சிங்கள ஆள். கதைக்கிற தமிழ் பரவாயில்லை, அதில் அவனுக்குப் பெருமையும் உண்டு. "தங்கச்சி, என்ன புதினம்?" என்று எங்கள் இழுவையிலேயே கேட்பான். நான் மனதுக்குள் அவனுக்குப் புதன்காரன் என்று பெயர் வைத்திருந்தேன்.

அவன் ஒரு நாளும் அதட்டியதில்லை. நான் தயங்கினால் என் இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்ப்பான். "தங்கச்சிக்கு வீட்டில இருக்கத்தானே விருப்பம்?" என்பான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் கதைப்பேன்.

என்ன கதைப்பேன்? இன்னார் வீட்டு மாடு கன்று போட்டது. இன்னாருடைய மகள் பெரிய பிள்ளையாகிவிட்டாள். கோயில் கேணி வற்றிவிட்டது. யானை வந்து ஐந்து தென்னை போய்விட்டது. யாரையும் சுடாத புதினமாகப் பொறுக்கி, அரிசியில் கல் பார்ப்பதுபோல் பார்த்து, நல்லதை மட்டும் கொடுப்பேன். அவன் எல்லாவற்றையும் எழுதிக்கொள்வான். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்று சொல்வார்களே, அதுதான் நான். உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் ஒரு திமிரும் இருந்தது. அரசாங்கத்தின் உளவுக்காரனை மாட்டுக் கதை சொல்லியே ஏமாற்றுகிறேன் என்ற திமிர். நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியிருந்தேன். எந்த நுணலும் அது தன்னைப் பற்றிய பாடம் என்று நினைத்துப் படிப்பதில்லை.

ஊருக்கு எல்லாம் தெரியும். முன்பு எங்கள் நாட்டில் தலையாட்டி என்று ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். முகத்தைச் சாக்கால் மூடியிருப்பார்கள். வரிசையில் போகிறவர்களில் யாருக்குத் தலையை ஆட்டுகிறாரோ அவர் போனதுதான். அந்தத் தலையாட்டிக்காவது ஒரு சாக்கு இருந்தது, எனக்கு அதுவும் இல்லை. கடைக்குப் போனால் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் பருப்பைப் பார்ப்பார்கள், மிளகாய்த் தூளைப் பார்ப்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். என்னைக் கண்டதும் ஊர் வாய் தானாகவே மூடிக்கொண்டது. வழியில் கண்டால் "ஓம், வாறன்" என்று விலகிப் போனார்கள். "என்ன புதினம்?" என்று என்னைக் கேட்க ஊரில் ஆள் இல்லாமல் போனது.

அக்காவைத் தவிர. எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் கதியால் வேலி. அதில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு. காலையில் முற்றம் கூட்டி முடித்ததும் அதற்குள்ளால் தலையை நீட்டி, "பிள்ளை, என்ன புதினம்?" என்பார். ஒரு நாள் எனக்கே பொறுக்காமல் கேட்டேன்.

"ஊரே என்னோடை கதைக்கப் பயப்பிடுது. உங்களுக்குப் பயமில்லையோ அக்கா?"

"என்னட்டை என்ன கிடக்கு நீ போய்ச் சொல்ல? சொல்லு. அக்கா இண்டைக்கு முருங்கைக்காய்க் கறி, உப்புக் கூடிப்போச்சு எண்டு சொல்லு. எழுதட்டும்."

இரண்டு பேரும் சிரித்தோம். அந்தப் புதன்கிழமை நான் அதையே சொன்னேன். அவன் எழுதினான்.

அக்கா தனியாள். கணவர் கடைசிச் சண்டைக்கு முன்பே பாம்பு கடித்துச் செத்துப்போனார். மகனைப் பற்றிக் கேட்டால், "பிடிச்சுக்கொண்டு போனவை. பிறகு ஒண்டும் தெரியாது" என்று அந்த ஒரே வசனத்தைத்தான் சொல்வார். காணாமல் போனவர்களின் பட்டியலில் பெயர் இருந்தது. ஆனால் மற்றத் தாய்மார் பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியோரம் வெயிலில் குந்தியிருந்தபோது இவர் ஒரு நாளும் போகவில்லை. கல்நெஞ்சக்காரி என்று ஊரில் கதைத்தார்கள். நானும் ஒரு கிழமை வேறொன்றும் அகப்படாமல் அதைப் புதன்காரனுக்குச் சொன்னேன். "நல்ல அம்மா," என்றான் அவன்.

நான் கண்டும் காணாமல் இருந்தது ஒன்று உண்டு. அக்காவின் வளவில் கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு செவ்வரத்தைப் பூமரம் நின்றது. காலையில் விளக்குமாறு எடுத்தால் முதலில் அந்த இடத்தைத்தான் கூட்டுவார். வளவு முழுக்க மரவள்ளி நட்டவர் அந்த நாலு முழத்தில் மட்டும் ஒன்றும் நடவில்லை. இதெல்லாம் நாலு வருடம் என் கண் முன்னால் நடந்தது. உளவாளியாம் நான்.

ஒரு முறை தனித்து வாழும் பெண்களுக்குத் தையல் இயந்திரம் கொடுக்க ஒரு உதவி நிறுவனம் வந்தது. கிராம அலுவலர் எழுதிய பட்டியலில் அக்காவின் பெயர் மேலேயே இருந்தது. அக்கா போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்கு ஆச்சரியம்.

"விசரோ அக்கா உங்களுக்கு? சும்மா தாறதை ஏன் விட்டனீங்கள்?"

"எனக்கு மெசின் இருக்குப் பிள்ளை. தாட்டுக் கிடக்கு. அது கிடக்கட்டும்."

தாட்டது என்றால் மண்ணுக்குள் புதைத்தது. கடைசிச் சண்டையில் இடம்பெயர்ந்தபோது ஊரே எதையாவது தாட்டுவிட்டுத்தான் ஓடியது. பித்தளைக் குடம், தொலைக்காட்சி, பொலித்தீன் சுற்றிய மோட்டார் சைக்கிள். திரும்பி வந்ததும் கிண்டி எடுத்தவர்களும் உண்டு, வெறும் குழியைப் பார்த்துத் தலையில் அடித்தவர்களும் உண்டு. இவர் எடுக்காமல் விட்டிருக்கிறாரே என்று யோசித்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. எங்கள் பேச்சில் சாமானையும் தாட்டது என்போம், செத்தவரையும் தாட்டது என்போம். இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

அந்தப் புதன்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல். குசினியில் கஞ்சி அடுப்பில். புதன்காரன் முகம் சரியில்லை.

"தங்கச்சி, மூணு கிழமையா மாட்டுக் கதைதான். மேல இருந்து என்னைத்தான் ஏசுறாங்க. தங்கச்சிக்கு வீட்டில இருக்கத்தானே விருப்பம்?"

உள்ளே பிள்ளை முனகியது. எனக்கு அவனைத் துரத்தினால் போதும் என்றிருந்தது. கையில் வேறு ஒன்றும் இல்லை. முருங்கைக்காய்க் கறியைப் போல இதுவும் ஒரு பைத்தியக்காரக் கதைதானே என்று நினைத்தேன்.

"பக்கத்து அக்காவிட்டை ஒரு மெசின் தாட்டுக் கிடக்காம் சேர். கிண்டி எடுக்கமாட்டன் எண்டுறா."

அவனுடைய பேனை நின்றது. "மெசின்?"

"ஓம் சேர், மெசின்."

"எங்க?"

"வளவுக்குள்ளைதான்."

பிள்ளை சத்தமாக அழுதது. நான் உள்ளே ஓடினேன். கஞ்சியை இறக்கி வைத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அவன் போய்விட்டான். தேத்தண்ணீர் அப்படியே இருந்தது. நான்கு வருடத்தில் அவன் குடிக்காமல் போனது அன்றுதான். சீனி கூடிப்போய்விட்டதாக்கும் என்று நினைத்தேன்.

எங்கள் ஊரில் ஒரு பெண்ணிடம் மெசின் இருக்கிறது என்றால் அது தையல் மெசின். ஆணிடம் இருந்தால் அது தண்ணீர் இறைக்கிற மெசின். இதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான் அவனோடு நாலு வருடம் கதைத்துக் கதைத்து, அவன் எங்கள் இழுவையில் "புதினம்" என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டு, அவனும் இந்த ஊர்க்காரன் என்று என் நாக்கு நினைத்துவிட்டது. தையல் என்ற ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்லவில்லை. போர் முடிந்த ஊரில் மண்ணுக்குள் மெசின் என்றால் அவனுடைய காதில் என்ன விழும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

அடுத்த கிழமைக்கு அடுத்த கிழமை, வெயில் ஏறிய நேரத்தில் வந்தார்கள். இரண்டு வாகனம் நிறைய ஆமி, பொலிஸ், இரும்பு தேடும் கருவி, மண் கிண்டுகிற பெக்கோ. நீதிமன்றக் கட்டளை என்று ஒரு தாளைக் காட்டினார்கள். புதன்காரன் என் பக்கம் பார்க்காமல் நின்றான். எனக்கு அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கியது. வேலிப் பொட்டுக்குள்ளால் விழுந்தடித்து ஓடினேன்.

"சேர்! அது தையல் மெசின் சேர்! தைக்கிற மெசின்!"

புதன்காரன் திரும்பிப் பார்க்கவில்லை, மற்றவர்களுக்குத் தமிழ் தெரியாது. நான் காலால் மிதித்துக் காட்டினேன், கையால் துணியைத் தள்ளுவதுபோல் தள்ளிக் காட்டினேன், வாயால் டக்கடக்கடக்க என்று சத்தமும் போட்டேன். அது அவர்களுக்கு வேறு எதன் சத்தமாகக் கேட்டதோ தெரியாது. ஒரு சிப்பாய் சிரித்தான். அக்கா என்னைப் பார்த்தார். ஏசவில்லை. முருங்கைக்காய்க் கறி நினைவு வந்திருக்கும். அவர் செவ்வரத்தைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"இதுக்குள்ளை ஒண்டும் இல்லை ஐயா. வேறை இடத்தைக் கிண்டுங்கோ."

கருவி செவ்வரத்தை அடியில்தான் கத்தியது. மரம் முதல் வாளியிலேயே போய்விட்டது. இரண்டாம் வாளியில் மண்ணோடு ஒரு துருக்கட்டி வந்து விழுந்தது. ஒரு சிப்பாய் தட்டித் துடைத்தான். சக்கரம் தெரிந்தது, ஊசி பூட்டுகிற முனை தெரிந்தது. தையல் மெசினின் தலை. சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தார்கள். புதன்காரனும் சிரித்தான். நானும் சிரித்தேன். இதை மறைக்க மாட்டேன். "நான் சொன்னன்தானே சேர்," என்றுகூடச் சொன்னேன். கருவிக்காரன் கருவியை மடக்கத் தொடங்கினான். பெக்கோ சத்தம் போட்டுக்கொண்டு பின்னால் எடுத்தது. எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும்.

அக்காவுக்கு அந்தச் சத்தம் விளங்கவில்லை. பெக்கோ அசைந்ததும் திரும்பவும் கிண்டப் போகிறது என்று நினைத்துவிட்டார். ஓடிப்போய்க் குழிக்குள் குதித்து, மண்ணை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி குப்புறப் படுத்தார்.

"இனிக் கிண்டாதையுங்கோ! கும்பிட்டன், இனிக் கிண்டாதையுங்கோ!"

சிரிப்பு நின்றது. அவரைத் தூக்கி வெளியே விட நான்கு பேர் தேவைப்பட்டார்கள். பிறகு மண்வெட்டியால் கிண்டினார்கள். இரண்டு முழம் போகவில்லை, உக்கிய படுக்கை விரிப்பு வந்தது. அதற்குள் எலும்பு. சட்டை மண்ணோடு மண்ணாகியிருந்தது. கொலர் மட்டும் பிரியாமல் இருந்தது.

மத்தியானம் நீதவான் வந்தார், வைத்தியர் வந்தார். பையில் போட்டு, இலக்கம் எழுதி, சோதனைக்கு என்று கொண்டுபோனார்கள். அக்காவையும் கொண்டுபோனார்கள். யார் இது, உடுப்பு என்ன உடுப்பு, ஏன் மறைத்தாய் என்று ஐந்தாறு நாள் கேட்டார்கள். அவர் திரும்பி வந்த பிறகுதான் ஊருக்குக் கதை தெரிய வந்தது. அக்காவின் பெடியனை இயக்கம் பிடித்துக்கொண்டு போனது உண்மை. மூன்றாம் கிழமை அவன் தப்பி ஓடி வந்தான். தாய் அவனைக் கிணற்றடியில் வெட்டியிருந்த பங்கருக்குள் ஒளித்து வைத்தார். தண்ணீர் குடிக்க மேலே வந்தபோது செல் விழுந்து வெடித்ததில் செத்துப்போனான். அந்தப் பங்கருக்குள்ளேயே தாட்டுவிட்டு, மற்றவர்களோடு நடந்துபோனார். பிறகு யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் கிண்டுவார்கள், கொண்டுபோவார்கள் என்று அவருக்குத் தெரியும். மற்றத் தாய்மார் பிள்ளை எங்கே என்று வீதியில் கிடந்தார்கள். அவருக்குப் பிள்ளை எங்கே என்று தெரியும், காலையில் அதைச் சுற்றிக் கூட்டுவார்.

மெசினை ஏன் பிள்ளைக்கு மேலே வைத்தார் என்று ஊர்ப் பெண் ஒருத்தி கேட்டிருக்கிறாள். "காட்டுப் பண்டி கிண்டும் எண்டு வைச்சனான். நான் பண்டியைத்தான் நினைச்சனான்," என்றாராம்.

அக்கா திரும்பி வந்த அடுத்த நாள் வேலிப் பொட்டில் ஈச்சமுள் அடைத்திருந்தது. நான் அதைத் தொடவில்லை. சாப்பிட முடியவில்லை, நித்திரை இல்லை. கணவர் கிளிநொச்சிக்கே போய்விடலாம் என்றார். எனக்கு ஓடிப்போக மனமில்லை. ஏச்சு வாங்காமல் போகக் கூடாது என்றிருந்தது. அக்கா வந்து என் முகத்தில் காறித் துப்பினால் நல்லது என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு காலையும் வேலியைப் பார்த்தேன். புதன்காரன் மட்டும் வழக்கம்போல வந்தான். "பாவம்தான், என்ன செய்யிறது," என்று சொன்னான். அடுத்த மூச்சில் "என்ன புதினம்?" என்றான். எனக்கு அந்தக் கதிரையோடு அவனைத் தூக்கிக் கிணற்றில் போடலாம் போலிருந்தது. "ஒண்டுமில்லை சேர்," என்றேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை, ஈச்சமுள் சரசரக்கும் சத்தம் கேட்டது. அக்கா முள்ளை இழுத்துப் போட்டுவிட்டுப் பொட்டுக்குள் நின்றார். ஆள் பாதியாகியிருந்தார்.

"பிள்ளை, என்ன புதினம்?"

நான் நிலத்தில் இருந்து அழுதேன். காலைப் பிடித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"அழுது எனக்கு என்ன பலன்? எழும்பு. உன்னாலை எனக்கு ஒரு வேலை ஆகோணும்."

"சொல்லுங்கோ அக்கா."

"பொலிசிலை கேட்டன், கோட்டிலை கேட்டன். சோதனை முடியேல்லை எண்டுறாங்கள். ஒருத்தரும் என்னோடை முகம் குடுத்துக் கதைக்கிறாங்கள் இல்லை. உன்னட்டைத்தான் ஒருத்தன் கிழமைக்குக் கிழமை வாறான். அவன் உன்னட்டைப் புதினம் கேக்கிறான்தானே? இனி நீ அவனிட்டைக் கேள். என்ரை பிள்ளையை எந்த ஊரிலை, எந்த அலுமாரிக்குள்ளை வைச்சிருக்கிறாங்கள் எண்டு கேள். கேட்டு வந்து எனக்குச் சொல்லு."

அன்றிலிருந்து நான் அக்காவின் உளவாளி. அவன் கதிரையில் குந்தி வாயைத் திறக்க முன் நான் கேட்டேன்: "சேர், என்ன புதினம்?"

முதலில் அவன் சிரித்தான். நான் விளக்கிச் சொன்னேன். சிரிப்புப் போய்விட்டது. "அது வேற ஆக்கள் பாக்கிற வேலை," என்றான். அடுத்த கிழமையும் கேட்டேன். "பெரிய இடத்துக்கு அனுப்பினது," என்றான். நான் பொட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். "எந்தப் பெரிய இடம் எண்டு கேள்," என்றார் அவர். கேட்டேன். தெரியாது என்றான். "தங்கச்சிக்கு வீட்டில இருக்கத்தானே விருப்பம்?" என்று பழைய கதையை எடுத்தான். "அந்தப் பெடியனுக்கும் அதுதான் சேர் விருப்பம்," என்றேன். அவன் கொப்பியை மூடினான்.

பிறகு வந்த கிழமைகளில் அவன் கதிரை கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே கதைத்தான். நான் அதே கேள்வியைக் கேட்டேன். ஒரு முறை, "தங்கச்சி, சத்தியமா எனக்குத் தெரியாது," என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்றுதான் எனக்குப் பட்டது. அவனுடைய வேலை கேட்பது. பதில் வைத்திருப்பவர்கள் வேறு எங்கோ இருக்கிறார்கள். அதற்கடுத்த புதன்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. வேறு ஆளும் வரவில்லை. என்னை விட்டுவிட்டார்கள் என்று ஒரு மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

நான்கு வருடம் நான் கோயில் கோயிலாகக் கேட்டது அதைத்தான். அந்த மோட்டார் சைக்கிள் வராமல் போக வேண்டும் என்று நேர்த்தி வைத்திருந்தேன். இப்போது வருடங்கள் கடந்துவிட்டன. மகள் பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புப் படிக்கிறாள். கடையில் சனம் என்னோடு கதைக்கிறது, வழியில் "என்ன புதினம்?" என்றும் கேட்கிறது. ஆனால் புதன்கிழமை வந்தால் நான் வேப்ப மரத்தடியில் கதிரையைப் போட்டுவிட்டு, வீதியில் எந்த மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலும் எட்டிப் பார்க்கிறேன். அவன் வர வேண்டும். அவன் வராவிட்டால் நான் யாரிடம் போய்க் கேட்பது?

கிணற்றடிக் குழியை அக்கா இன்னும் மூடவில்லை. மழைக்குத் தண்ணீர் நிற்கும், வெயிலுக்கு வற்றும். அவர் இப்போதும் அதைச் சுற்றிக் கூட்டுகிறார். கூட்டி முடித்துவிட்டுப் பொட்டுக்குள் வந்து நிற்பார்.

"பிள்ளை, என்ன புதினம்?"

"ஒண்டுமில்லை அக்கா."

எங்கள் ஊரில் எல்லாரும் சொல்கிற பதில்தான். அதைக் கேட்டதும் எல்லாரும் தங்கள் வழியில் போய்விடுவார்கள். அக்கா போவதில்லை. நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறார்.